நம்மவர் பட்டியல்

எங்கள் வண்டி எருமைக்கு நிற்கும். ஆட்டுக்கு நிற்கும், மயிலுக்கு நிற்கும். காற்றில் பறந்துவந்து தண்டவாளத்தில் சிக்கிய ஒரு கல்யாணப் பந்தல் துணிக்காக இருபது நிமிடம் நின்றிருக்கிறது. மாசானத்துக்கு மட்டும் நிற்காது. அப்படி எழுதி வைத்தவள் நான்தான்.

என் பெயர் கற்பகவல்லி. ரயில்வேயில் பாதுகாப்புப் பிரிவுப் பொறியாளர். செங்கரையிலிருந்து ஆனைப்பாறை வரை எண்பது கிலோமீட்டர், பாதி சமவெளி, பாதி மலை. இந்தப் பாதையில் ஓட்டுநர்களை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டியை ஓட்டுவதும் நிறுத்துவதும் 'இமை' என்ற கருவி. கண்ணை இமை காப்பதுபோல என்று தொடக்க விழாவில் பேசிய எல்லோரும் சொல்லிச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். நானும் மேடைக்குக் கீழே நின்று தட்டினேன்.

முதல் மாதமே சந்தி சிரித்துவிட்டது. தண்டவாளத்தில் மனித உருவம் தெரிந்தால் இமை பிரேக் போடும். தண்டவாளத்தில் பகல் முழுக்க மனிதர்கள் இருப்பார்கள் என்பதை அதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. கல் கொட்டுகிறவர்கள், கட்டை மாற்றுகிறவர்கள், தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்க்கிற கீமேன் என்று முப்பத்தைந்து பேர் எந்நேரமும் லைனில்தான் கிடப்பார்கள். ஒரு நாளைக்கு நாற்பது முறை வண்டி நின்றது. ஒன்றரை மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஆனைப்பாறையில் ஒரு பெரியவர் இறங்கிவந்து புளியோதரைப் பொட்டலத்தை ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் வீசிவிட்டுப் போனார்.

மேலதிகாரி வரதராஜன் சார் கூட்டம் போட்டார். லைன் வேலைக்காரர்கள் காலங்காலமாக வண்டிக்கு விலகி நின்றவர்கள்தானே, அவர்களுக்காக வண்டி ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஒரே பிற்பகலில் நான் அதை எழுதி முடித்தேன். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வில்லை, வேலைக் கோட்டில் வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒன்று. வண்டி நெருங்கினால் அது அதிரும், ஆள் விலகிக்கொள்ள வேண்டும். வண்டியின் பக்கத்தில் வேறொரு வேலை நடக்கும். முன்னால் தெரிகிற ஆளிடம் வில்லை இருக்கிறதா, அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இமை பார்க்கும். இருந்தால் பிரேக் போடாது. அந்தப் பட்டியலுக்கு 'நம்மவர் பட்டியல்' என்று பெயர் வைத்தது வரதராஜன் சார்.

யார்டில் முப்பத்தைந்து பேரையும் நிற்க வைத்துக் கைமைக்கில் நான் பேசினேன். இது உங்களைக் காப்பாற்றும், எப்போதும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதிர்வதைச் சொன்னேன். பட்டியலைச் சொல்லவில்லை. சொன்னால் யூனியன்காரர்கள் வருவார்கள், வேலை நின்றுவிடும் என்று சார் முந்தின நாளே சொல்லியிருந்தார். நான் மண்டையை ஆட்டியிருந்தேன்.

எட்டு மாதம் கழித்து இசக்கி செத்தான்.

கல்லைக் குத்தி இறுக்குகிற மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதைப் பிடித்தவனுக்கு உச்சந்தலை வரை உடம்பே அதிரும். அந்த அதிர்வில் இடுப்பில் ஒரு சின்ன வில்லை அதிர்ந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? வண்டியின் பதிவைத் திறந்து பார்த்தேன். ஒரே வரி. 'நம்மவர். நிறுத்தம் தேவையில்லை.' விசாரணையில் கவனக்குறைவு என்று முடித்தார்கள். அந்த விசாரணைக் குழுவில் நானும் இருந்தேன். அந்த ஒரு வரியை நான் மேஜைமேல் வைக்கவில்லை. எனக்குச் சோறு போடுகிற வேலை இது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அந்தச் சமாதானம் போதுமானதாக இருந்தது.

பதினாறாம் நாள் அவன் பெண்சாதி பேச்சியம்மாள் அதே இடத்தில் சூடம் கொளுத்த வந்தாள். அனுமதி வாங்கிக் கொடுத்து நானும் கூடப் போனேன். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த அவனுடைய அரைஞாண் கயிற்றை வைத்திருந்தாள். உடம்பிலிருந்து அறுத்தது. அதில் தாயத்துக்குப் பக்கத்தில் எங்கள் வில்லை கோத்துக் கட்டியிருந்தது. கோட்டில் வைத்தால் வேர்வைக்குக் கழற்றும்போது மறந்துபோகிறது, அதனால் எல்லோருமே அரைஞாணில் கட்டிக்கொண்டார்கள் என்று அவள் சொன்னாள். உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளை அந்தக் கயிற்றை அவிழ்க்க மாட்டான். குளித்தாலும் தூங்கினாலும் இடுப்பில் கிடக்கும். காக்கிற பொருளை வேறு எங்கே கட்டுவான்?

அவள் சூடம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது வளைவில் வண்டி வந்தது. எங்களைக் கண்டதும் இருநூறு மீட்டர் தள்ளியே நின்றது. பேச்சியம்மாள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நிக்குதே. அன்னைக்கு ஏன் மேடம் நிக்கல?"

அன்றைக்கு நிற்பதற்குத் தூரம் போதவில்லை என்றேன். இரவு பதிவைப் பார்த்தேன். என்னிடம் அதிகாரி வில்லை இருந்ததால் என்னை அது கணக்கில் எடுக்கவில்லை. 'பட்டியலில் இல்லாதவர்: இருவர். நிறுத்தம்' என்று இருந்தது. ஒருத்தி பேச்சியம்மாள். இரண்டாவது ஆள் இசக்கி, அவள் கையிலிருந்த அவன் வில்லை. அவன் செத்த மறுநாளே நான் அவனைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தேன். உயிரோடு நின்றவனுக்கு நிற்காத வண்டி, அவன் கயிற்றுக்கு நின்றிருக்கிறது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இனி மாசானத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம். மலையில் மூன்று நாள் மழை கொட்டி, அன்று காலைதான் வெறித்திருந்தது. மதியம் இரண்டு பதினான்குக்கு லைன் ஓரத்து டெலிபோன் பெட்டியிலிருந்து கண்ட்ரோல் அறையில் என் மேஜைக்கு அழைப்பு வந்தது. அந்தப் பெட்டிகளை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்து ஒரு வருடம் ஆகிறது. எடுக்க ஆளில்லாததால் இருந்தன. பேசியது கீமேன் மாசானம். இருபத்தாறு வருட சர்வீஸ். இசக்கிக்கு வேலை பழக்கிவிட்டவர்.

"மேடம், அறுநூத்திப் பதினாலாவது கிலோமீட்டரு. கரை சரிஞ்சு போச்சு. தண்டவாளம் அந்தரத்துல தொங்குது. ஒரு லாரி நிக்கிற அளவுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. வண்டிய நிறுத்துங்க."

திரையைப் பார்த்தேன். அறுநூற்றுப் பதினான்கில் பச்சை எரிந்தது. தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுகிறதா என்று மட்டும்தான் எங்கள் கருவி பார்க்கும். தொங்குகிற தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடும். அடியில் மண் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் மாசானத்தைத் தவிர வேறு கருவி கிடையாது. செங்கரை பாசஞ்சர் தொள்ளாயிரம் பேரோடு மலை ஏறிக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு இரண்டு இருபத்துமூன்றுக்கு வரும்.

வண்டியை நிறுத்த இரண்டு சாவி வேண்டும். ஒன்று என்னுடையது, இன்னொன்று வரதராஜன் சாருடையது. மனிதர்கள் பதறிப்போய் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அவர் மாடியில், வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரிகளுக்கு இமையை விளக்கிக்கொண்டிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன். சென்சார் என்ன காட்டுகிறது என்று கேட்டார். பச்சை என்றேன். போன மாதம் இதே லைன் ஆட்கள் இரண்டு தடவை சொன்னது பொய்யாகப் போயிற்றே என்றார். பொய்யாகப் போகவில்லை, சின்ன விரிசல்தான், ஆனால் இருந்தது என்று வாதாட எனக்கு நேரமில்லை.

"கற்பகம், பத்து பேரு முன்னால உக்காந்திருக்கேன். கருவி பச்சைங்குது, கீமேன் சிவப்புங்கறான். நான் யாரை நம்பறதுன்னு இவங்க பாக்கறாங்க. வேற ஆளை அனுப்பி உறுதி பண்ணிட்டுக் கூப்பிடு."

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. வண்டிக்குள் இருக்கும் டிக்கெட் உதவியாளருக்கு அடித்தேன். மலைக்குள் செல்போன் எடுக்காது என்று தெரிந்தும் அடித்தேன். மணி இரண்டு பதினேழு. 

மாசானம் லைனிலேயே காத்திருந்தார். சிவப்புக் கொடிகளைத் திரும்ப வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பார்க்க ஆளில்லாத வண்டிக்குக் கொடி எதற்கு? மனிதன்தான் ஒரே கொடி. யாரோ ஒரு அயலான் தண்டவாளத்தில் நின்றால் வண்டி நின்றுவிடும்.

"மாசானம் அண்ணாச்சி, வண்டிக்கு எதிரா ஓடுங்க. எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். ஓடுறதுக்கு முன்னால கோட்டைக் கழட்டிப் போட்டுருங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றரை வருடமாகச் சொல்லாத வாக்கியம், அந்த நேரத்திலும் சொல்லாமல் விட்டேன்.

"சரி மேடம்" என்றார். ரிசீவர் தொங்கி மரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கல்மேல் ஓடுகிற சத்தம்.

திரையில் ஒரு மஞ்சள் புள்ளி நகர்ந்தது. மஞ்சள் என்றால் நம்மவர். கோட்டைக் கழற்றினால் புள்ளி அங்கேயே நின்றுவிடும், ஓடுகிற ஆளை வண்டி அயலாராகப் பார்க்கும் என்று காத்திருந்தேன். புள்ளி நிற்கவில்லை. மஞ்சளாகவே ஓடியது. கோட்டைக் கழற்றவில்லையா என்று திட்டக்கூட வாயெடுத்தேன். அப்போதுதான் பேச்சியம்மாள் கையிலிருந்த கயிறு ஞாபகம் வந்தது.

வில்லை கோட்டில் இல்லை. இடுப்பில் இருக்கிறது. தாயத்துக்குப் பக்கத்தில்.

அவருக்குச் சொல்ல வழியில்லை. லைனில் செல்போன் வைத்திருக்கக் கூடாது என்பதும் எங்கள் விதிதான். ரிசீவரில் கத்தினேன், தொங்குகிற போனைக் கேட்க அங்கே யாரிருக்கிறார்கள்? வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. முதலில் மாசானம், பிறகு எழுநூறு மீட்டர் தள்ளி அந்தரத்தில் தண்டவாளம், பிறகு தொள்ளாயிரம் பேர்.  குலதெய்வத்தின் பெயரைச் சொன்னேனா, மாசானத்தின் பெயரைச் சொன்னேனா என்று தெரியவில்லை.

எனக்கென்று தனியாக ஒரே ஒரு அதிகாரம் இருந்தது. நம்மவர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும். திறந்தேன். மாசானம், நீக்கு என்று கொடுத்தேன். காரணம் கேட்டது. ராஜினாமா என்றால் கடிதத்தின் எண் வேண்டும். இடமாற்றம் என்றால் உத்தரவின் எண் வேண்டும். தற்காலிக நீக்கம் என்றால் வரதராஜன் சாரின் சாவி வேண்டும். கடைசியாக ஒன்று இருந்தது. மரணம். அதற்குத் தேதியும் இடமும் போட்டால் போதும். உயிரோடிருப்பவனை எடுக்க அத்தனை தடை வைத்த நான், செத்தவனை எடுக்க ஒன்றுமே வைக்கவில்லை. செத்தவர்கள் விஷயத்தில் தாமதம் கூடாது என்று நினைத்திருந்தேன்.

மணி இரண்டு இருபத்திரண்டு. தேதி போட்டேன். இடம், கிலோமீட்டர் அறுநூற்றுப் பதினான்கு. 'உறுதியா?' என்று கேட்டது. கண்ணில் நீர் முட்டி எழுத்து தெரியவில்லை. பழக்கத்தில் கை அழுத்தியது.

புள்ளி சிவப்பானது. 'பட்டியலில் இல்லாதவர்: ஒருவர். நிறுத்தம்.'

வேகம் எண்பது, எழுபது, அறுபது. புள்ளி விலகவில்லை. விலகுங்க, இனிமேலாவது விலகுங்க என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாற்பது. பதினைந்து. பூஜ்யம். சிவப்புப் புள்ளியும் வண்டியும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. திரையில் ஒரு புள்ளி முப்பது மீட்டர். அதற்குள் என்ன நடந்தது என்று அது சொல்லாது. இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு லைன் ஓரத்துப் போன் அடித்தது. மூச்சு வாங்குகிற சத்தம். மாசானத்தின் மூச்சு.

மாலை நான்கு மணிக்கு அவரே என் அறைக்கு வந்தார். முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. வண்டி அவரிடமிருந்து பத்தடியில் நின்றதாம். சரிந்த கரையை எட்டிப் பார்த்துவிட்டுப் பிரயாணிகள் சிலர் அவர் காலில் விழுந்தார்களாம். அதைச் சொல்லும்போது கூச்சப்பட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். அவ்வளவு பக்கத்தில் வரும்வரை ஏன் விலகவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வில்லை இருக்குல்லா மேடம். அது காப்பாத்தும்னு நீங்கதான சொன்னீக. அந்தத் தைரியத்துலதான் நின்னேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலை, மஞ்சள் புள்ளியை, அவரைச் சாகடித்துத்தான் வண்டியை நிறுத்தினேன் என்பதை. அழுதுகொண்டே சொன்னேன்.  சட்டைக்குமேல் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப இசக்கிக்கு?"

 அவர் எழுந்து என் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு நொடி உயிரே போயிற்று எனக்கு. அவர் திரும்பி நின்று, சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றை வெட்டினார். வில்லையை உருவி மேஜைமேல் வைத்தார். தாயத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வரதராஜன் சார் அன்று இரவு எல்லா டிவியிலும் வந்தார். கரை சரிந்ததை இமை கண்டுபிடித்து வண்டியை நிறுத்தியது என்றார். எனக்குப் போன் போட்டு, கீமேன் விஷயத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடு என்றார். சரிசெய்ய முடியாது. மரணத்தை ரத்து செய்ய நான் வழி வைக்கவில்லை. அப்படி ஒரு தேவை வரும் என்று யார் நினைத்தார்கள்? சம்பளப் பிரிவிலும் ஓய்வூதியப் பிரிவிலும் மாசானம் அந்நேரம் செத்துப்போயிருந்தார். அவர் மனைவிக்கு இரங்கல் கடிதம்கூட தானாகவே போய்விட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அறைக் கதவைத் திறந்தால் வெளியே முப்பத்துநான்கு பேர் நின்றார்கள். முன்னால் மாசானம். யாரும் கோஷம் போடவில்லை. வரிசையாக உள்ளே வந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவரும் மடியிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். அறுத்த அரைஞாண் கயிறுகள். கறுப்பு, சிவப்பு, ஒன்றிரண்டு வெள்ளி. ஒவ்வொன்றிலும் எங்கள் வில்லை. கடைசியாக வந்தவனுக்கு இருபத்துமூன்று வயது, போன மாதம்தான் கல்யாணம். அவனும் வைத்தான்.

"ஆம்பள உசுரோட இருக்கையில இத அறுக்க மாட்டான் மேடம்" என்றார் மாசானம். "அறுத்துட்டோம். அப்ப நாங்க செத்தவுகதான. என்னைய எழுதுன மாதிரி இவுகளையும் எழுதிருங்க. எழுதிட்டீகன்னா வண்டி எங்களுக்கும் நிக்கும், லைனுக்குப் போறோம். வேலை கெடக்கு."

சம்பளம் நின்றுவிடும் என்றேன். தெரியும் என்றார்கள். வீட்டுக்கு இரங்கல் கடிதம் போகும் என்றேன். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்றார் ஒருவர். பேச்சியம்மாளிடமும் சொல்லிவிட்டோம் என்று அவரே சேர்த்துச் சொன்னார். 

போன் அடித்தது. வரதராஜன் சார். எடுக்கவில்லை. பட்டியலைத் திறந்தேன். முதல் பெயர், ஆவுடையப்பன். காரணம், மரணம். தேதி போட்டேன். இடம் என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது. என்ன போடுவது என்று நிமிர்ந்து மாசானத்தைக் கேட்டேன்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வதுபோல்தான் சொன்னார்.

"இந்தப் பட்டியல எழுதுனது எந்த ரூம்ல வச்சு மேடம்? அதையே போடுங்க."

போட்டேன். அடுத்த பெயரைக் கேட்டேன்.